கட்டம் போடத் தெரிந்தவர்

பத்திரிகையில் பக்க வடிவமைப்பு என் வேலை. ஒரு பக்கத்தில் கட்டங்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்க, அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பது என் பழக்கம். அப்படித்தான் இத்தாலியப் படக்கதைக் கலைஞர் குய்தோ கிரெபாக்ஸிடம் மாட்டிக்கொண்டேன்.

பெண்ணுடல் வரைந்தவர் என்றே அவரைச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அவர் வரைந்த பக்கத்தில் உடல் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். அகலமாக ஒரு கட்டம். பக்கத்திலேயே தீப்பெட்டி அளவில் நாலைந்து. ஒன்றில் பாதி உதடு, ஒன்றில் விரல் நுனி, ஒன்றில் செருப்பின் குதிகால். கண் ஒவ்வொன்றிலும் நின்று நின்றுதான் போக வேண்டும். அந்தத் தாமதத்தில்தான் மோகம் இருக்கிறது.

1933இல் மிலானில் பிறந்தவர். அப்பா அங்குள்ள லா ஸ்காலா இசைநாடக அரங்கில் செல்லோ வாசித்தவர். மகன் 1958இல் கட்டடக்கலைப் பட்டம் வாங்கினார், ஆனால் இசைத்தட்டு உறைகள், விளம்பரம், மருத்துவப் பத்திரிகை அட்டை என்று படம் வரையப் போய்விட்டார். 1965இல் 'லினுஸ்' இதழில் நியூட்ரான் என்ற நாயகனின் கதையைத் தொடங்கினார். பார்வையாலேயே ஆளை அசையாமல் நிறுத்துகிறவன் அவன். அவனுடைய காதலியாக வந்தவள்தான் வாலன்டினா. மௌனப்பட நடிகை லூயிஸ் புரூக்ஸ் மாதிரி நெற்றியில் வெட்டிய கருங்கூந்தல். கொஞ்ச நாளில் கதையே அவளுடையதாகிவிட்டது.

அவள் புகைப்படக்காரி. பார்க்கப்படுகிறவள் மட்டுமில்லை, பார்க்கிறவளும்கூட. கதையில் வரும் கனவுகள், பயங்கள், ஆசைகள் எல்லாம் அவளுடையவை. எனக்கு இதுதான் முக்கியம். 1975இல் 'ஓ-வின் கதை' என்ற பிரெஞ்சு நாவலை அவர் படக்கதையாக்கினார். அதே நுணுக்கமான கோடுதான், ஆனாலும் என்னால் அதில் ஒன்ற முடியவில்லை. அங்கே பெண் கனவு காண்பதில்லை, அவளுக்கு ஏதேதோ செய்யப்படுகிறது.

அப்புறம், வாலன்டினாவுக்கு வயதாகும். பிறந்த தேதி 1942 டிசம்பர் 25 என்று கிரெபாக்ஸே குறித்து வைத்தார். மகன் பிறக்கிறான், வளர்கிறான். 1995இல் அவள் கதையை முடித்தபோது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கவர்ச்சி நாயகிகளை என்றும் இருபதிலேயே நிறுத்தி வைக்கும் உலகத்தில் இதைச் செய்ய எவ்வளவு அன்பு வேண்டும்! 2003இல் கிரெபாக்ஸ் காலமானார்.

போன வாரம் அவர் பக்கம் ஒன்றின் மேல் டிரேசிங் தாளை வைத்து, படத்தை விட்டுவிட்டுக் கட்டங்களின் கோட்டை மட்டும் எடுத்தேன். வெறும் கோடுகள். அப்படியும் எந்த இடத்தில் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தது.