குறுந்தொகையோடு மல்லுக்கட்டியதில் இதுவரை

கவிதை படித்து ரசிக்கப் பழகலாம் என்று கிளம்பியபோது குறுந்தொகையை எடுத்ததற்குக் காரணம் சோம்பல்தான். பெரும்பாலும் 4 முதல் 8 அடி, பஸ் வருவதற்குள் ஒரு பாட்டை முடித்துவிடலாம், மொத்தம் 400 சொச்சம் இருப்பதால் பிடிக்காததைத் தாண்டிப் போனாலும் குறைந்துவிடாது.

முதலில் பாட்டு, அப்புறம் அருஞ்சொற்பொருள், அப்புறம் உரை என்று பாடப்புத்தக வரிசையிலேயே போனேன். பொருள் விளங்கியது, ருசி தட்டவில்லை. பரீட்சைக்குப் படிப்பது மாதிரியே இருந்தது. வழி திறந்தது துறைக் குறிப்பில்தான். ஒவ்வொரு பாட்டோடும் யார், யாரிடம், எந்தச் சமயத்தில் சொன்னது என்று ஒரு வரி வருமே, அதை முதலில் படித்துவிட்டுப் பாட்டுக்குள் போக ஆரம்பித்தேன்.

கூடலூர் கிழாரின் 167ஆம் பாட்டு. கட்டித்தயிரைப் பிசைந்த விரலைத் தன் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள் ஒருத்தி, அதைத் துவைக்காமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள், தாளிக்கிற புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது, அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘நன்றாக இருக்கிறது’ என்று சாப்பிடுகிறான், அவள் முகம் உள்ளூர மலர்கிறது. வெறுமனே படித்தால் அழகான சமையலறைக் காட்சி, அவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்வது செவிலித்தாய், மகளின் புது வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்கிறாள். இதைத் தெரிந்துகொண்டு திரும்பப் படித்தால் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாவும் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று, பெண் சந்தோஷமாக இருக்கிறாளா என்பது. அதற்கான பதிலோ கடைசி அடியில்தான், ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே’ என்று வருகிறது. அழுக்குச் சேலை, புகை என்று ஐந்து அடிக்கு அந்தத் தாயைக் காக்க வைத்துவிட்டு ஆறாவதில் சொல்கிறார் மனிதர்! செவிலி வேண்டுமென்றே அப்படிச் சொல்கிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதற்குப் பிறகு கபிலரின் 25ஆம் பாட்டு தானாகவே பிடிபட்டது. தலைவனோடு சேர்ந்த அன்று சாட்சி யாருமில்லை, அவன் இல்லையென்று சாதித்தால் நான் என்ன செய்ய என்று கேட்கிற தலைவி, ஒரு குருகு (நாரை) மட்டும் இருந்தது என்கிறாள், தினைத்தாள் மாதிரி மெல்லிய பசிய காலோடு. அதுவும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். இருந்த ஒரே சாட்சிக்கும் கவனம் சாப்பாட்டில்! சிரிப்பு வந்து, உடனே சங்கடமாகவும் ஆகிவிட்டது.

வெள்ளிவீதியாரின் 58ஐயும் சொல்லியாக வேண்டும். வெயிலில் காயும் பாறையில் வெண்ணெய் உருகுகிறது, காவல் இருப்பவனுக்குக் கையும் இல்லை, வாயும் பேசாது, கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறான். காதலில் மாட்டிய தலைவன் தன்னை இடித்துரைக்கும் நண்பனிடம் தன் நிலையைச் சொல்வது இது. ஆணின் இந்தக் கையாலாகாத்தனத்தை எழுதியவர் பெண்புலவர் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

நடைமுறை விஷயம் இரண்டு. சந்தி பிரித்த பதிப்பாக இருந்தால் பாதி பயம் போய்விடும். மர்ரே ராஜம் பதிப்பு அப்படிப்பட்டது. 1937இல் வந்த உ.வே.சா. உரையைச் சிக்கிக்கொண்டால் மட்டும் திறக்கிறேன். அவர் உரை அபாரம், ஆனால் முதலிலேயே திறந்தால் நாமாகக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. இன்னொன்று, வாய்விட்டுப் படிப்பது. பதுமனாரின் ‘நள்ளென்றன்றே யாமம்’ கண்ணால் ஓட்டினால் ஒன்றுமே செய்யாது, ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் கேலி செய்வார்கள், பரவாயில்லை.

எல்லாம் கைகூடிவிட்டது என்றில்லை. பொருள் தேடப் போன தலைவனுக்காகக் காத்திருக்கும் பாலைப் பாட்டுகள் தொடர்ந்து படித்தால் எனக்கு ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன, அதனால் இப்போதைக்கு அவற்றை இடைவெளி விட்டுத்தான் தொடுகிறேன். செடிகொடிப் பெயர்களும் இடறுகின்றன. காந்தள் பார்த்த பூ என்பதால் ‘காந்தள் மெல்விரல்’ சட்டென்று தெரிந்தது, ஆனால் ஞாழலும் வேங்கையும் இன்னும் எனக்கு வெறும் பெயர்கள்தான்.

அடுத்து ஐங்குறுநூறு. திணைக்கு நூறாக ஐந்து புலவர்கள் பாடியது, அடிகளும் இன்னும் குறைவு, மூன்றிலிருந்து ஆறு. வரிசைப்படி ஓரம்போகியாரின் மருதத்தில் தொடங்க வேண்டும், நான் நேரே கபிலரின் குறிஞ்சிக்குப் போகப் போகிறேன்.