கோட் ரிவ்யூவில் கமெண்ட் போடும்போது

ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் படித்துப் பார்த்துக் கருத்து சொல்வதுதான் கோட் ரிவ்யூ. அதில் "இது சரியில்ல" என்று மட்டும் எழுதினால் கமெண்ட் வாங்குபவருக்கு ஒன்றும் புரியாது. எந்த வரி, எந்த இன்புட்டில் உடையும் என்று சொல்லுங்கள். "லிஸ்ட் காலியா வந்தா 42ஆம் வரியில எரர் வரும், முதல்ல நீளத்தைப் பாருங்க" என்றால் உடனே திருத்திவிடலாம்.

"ஏன் இப்படி எழுதினீங்க?" என்பது ஆளைக் குத்தும். "லூப்புக்குள்ள க்வெரி ஓடுது, 1000 ஆர்டர் இருந்தா டேட்டாபேஸுக்கு 1000 முறை போகும்" என்பது வேலையைப் பற்றிய பேச்சு. கட்டாயம் மாற்ற வேண்டியதா, வெறும் யோசனையா என்பதையும் முதல் சொல்லிலேயே தெரிவித்துவிடுங்கள்; இது தெரியாமல்தான் பாதி மெர்ஜ் (புதிய கோடை முதன்மைக் கோடோடு சேர்ப்பது) தேங்கிக் கிடக்கிறது. ஸ்பேஸ் எங்கே விடுவது என்ற சண்டையெல்லாம் ஃபார்மேட்டர் (கோடின் அமைப்பைத் தானே ஒழுங்குபடுத்தும் கருவி) பார்த்துக்கொள்ளும்.

கமெண்ட் வாங்குபவர்களே, 900 வரியை ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் (கோடைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லும் வேண்டுகோள்) அனுப்பாதீர்கள். கமெண்ட் புரியவில்லையென்றால் எந்த டெஸ்ட் கேஸில், அதாவது எந்த இன்புட்டில், உடைகிறது என்று கேளுங்கள். மூன்று முறை பதில் போய்வந்தும் முடியவில்லையா? போன் போட்டுப் பேசி, முடிவை அந்த கமெண்டுக்குக் கீழேயே எழுதி வையுங்கள்.