பெர்கேயிலிருந்து திரும்பியவன்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் போதகர் ஐயர் வந்து கையைப் பிடித்தார். மே மாதம் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்க வேண்டுமாம். யாரைப் பற்றிப் பாடம் என்று கேட்டேன். "மாற்கு" என்றார், சுவிசேஷம் எழுதிய மாற்கு. வேண்டுமென்றே கொடுத்தாரா, தற்செயலா, அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

என் கதை எங்கள் சபை வட்டாரமான சேகரத்தில் எல்லாருக்கும் தெரியும். இருபத்துச் சொச்சம் வயதில், ஊர் கூடி ஜெபித்து வழியனுப்பிய மிஷனெரி நான். ஒடிசா மலைப்பகுதியில் முதல் மழைக்காலத்தையே தாண்டவில்லை. மலேரியாவோடு ரயிலேறினேன். காய்ச்சல் சீக்கிரமே விட்டுவிட்டது, ஆனால் நான் பணித்தளத்துக்குத் திரும்பவில்லை. கலப்பையில் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவனைப் பற்றிய வசனத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவ்வளவு தடவை கேட்டாயிற்று.

இப்போது நம் சபைத் தம்பி ஒருவனும் அப்படித்தான் வந்து உட்கார்ந்திருக்கிறான். கோயில் பக்கமே வருவதில்லை.

ஏப்ரல் 9, புதன்

தபசுக்காலத்துக் கஸ்திக் கூட்டம் முடிந்து வந்து, வேதாகமத்தில் லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளை எடுத்தேன். மாற்கு வசதியான வீட்டுப் பிள்ளை என்று தோன்றுகிறது. எருசலேமில் அவன் அம்மா மரியாளின் வீட்டில்தான் சபை கூடி ஜெபிக்கிறது. கதவைத் திறக்க ரோதை என்று ஒரு வேலைக்காரப் பெண் இருக்கிறாள். அந்த வீட்டிலிருந்து பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குக் கிளம்புகிறான். பர்னபா அவனுக்குச் சொந்தக்காரர். சீப்புரு (சைப்ரஸ்) தீவில் சாலமி முதல் பாப்போ வரை கூடவே இருக்கிறான். அங்கிருந்து கப்பலேறிப் பெர்கேயில் இறங்கியதும் எருசலேமுக்குத் திரும்பிவிடுகிறான். 13ஆம் அதிகாரம், 13ஆம் வசனம். காரணத்தை லூக்கா எழுதவில்லை.

உரையாசிரியர்கள் விடுவார்களா? எதிரே தவுரு மலை, ஏறப் பயந்தான் என்கிறார் ஒருவர். பெர்கே இருக்கும் பம்பிலியாவின் தாழ்நிலத்தில் மலேரியா என்கிறார் இன்னொருவர் (இதைப் படித்ததும் எனக்கு அவர்மேல் தனிப் பாசம்). பர்னபாவைத் தாண்டிப் பவுல் முன்னுக்கு வந்தது பிடிக்கவில்லை என்றும் சொல்கிறார்கள். எல்லாம் ஊகம்தான். லூக்கா சொல்லாமல் விட்டதே நல்லது. என்னிடம் காரணம் கேட்டவர்களுக்கு நான் ஆளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறேன். எல்லாமே கொஞ்சம் உண்மைதான்.

ஏப்ரல் 10, வியாழன்

நேற்று விட்ட இடத்திலிருந்து. அடுத்த பயணத்துக்கு மாற்குவையும் கூட்டிப்போவோம் என்கிறார் பர்னபா. பாதியில் விட்டுப் போனவன் வேண்டாம் என்கிறார் பவுல். சண்டை முற்றி இருவரும் பிரிகிறார்கள். பவுல் சீலாவோடு சீரியா, சிலிசியா வழியாகப் போகிறார். பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு மறுபடி சீப்புருவுக்கே கப்பலேறுகிறார்.

சின்ன வயதில் எனக்குப் பவுல் மேல் கோபம் வரும். இப்போது வருவதில்லை. நான் ரயிலேறிய பிறகு என் கூட்டாளி மலையில் தனியாக இருந்தார். இரண்டு பேர் சுமந்த அரிசியையும் மருந்துப் பெட்டியையும் ஒருவரே சுமந்தார். பவுலுக்கும் அந்த வலி இருந்திருக்கும்.

ஆனால் பவுல் ஒன்றை மறந்துவிட்டார். சபையைத் துன்பப்படுத்தியவன் என்று எருசலேமில் எல்லாரும் அவரைக் கண்டு பயந்தபோது, கையைப் பிடித்து அப்போஸ்தலரிடம் அழைத்துப்போனது இதே பர்னபாதான். அதே கை இப்போது மாற்குவைப் பிடிக்கிறது. அந்தக் கப்பலுக்குப் பிறகு அப்போஸ்தலர் நடபடிகளில் பர்னபாவின் பெயரே வருவதில்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனி, வெயில், பிள்ளைகள் ஓலையில் கிலுக்கு முடைந்து ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். அந்தத் தம்பியின் அம்மா மட்டும் வந்திருந்தார்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

திருவிருந்து ஆராதனையில் மாற்கு 14 வாசித்தார்கள். பேதுரு சொல்லச் சொல்ல மாற்கு எழுதியதுதான் இந்தச் சுவிசேஷம் என்று பழங்காலத்தில் பப்பியா என்ற கண்காணியார் (பேராயர்) குறித்துவைத்திருக்கிறார். அதை நினைத்துக்கொண்டு கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கினார், சேவல் இரண்டாந்தரம் கூவியது, அழுதார். எதுவும் மழுப்பப்படவில்லை. சேவல் இரண்டு தடவை கூவிய விவரமே மாற்குவில் மட்டும்தான் இருக்கிறது. தலைவருடைய மானத்தைக் காப்பாற்ற நினைத்திருந்தால் பாதியை விட்டிருக்கலாம். பேதுரு உயிரோடிருந்து சொன்ன கதையென்றால், தன் மானத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

இயேசுவைப் பிடித்த இரவில் துப்பட்டியை விட்டுவிட்டு நிர்வாணமாய் ஓடிய வாலிபனும் இதே அதிகாரத்தில்தான். வேறு சுவிசேஷத்தில் அவன் இல்லை. அது மாற்குதான் என்று பலர் நினைக்கிறார்கள், நிரூபிக்க வழியில்லை. பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், அதைக் கேட்டபின் பாடமே நடக்காது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. கல்லறையில் இருந்த வாலிபன் பெண்களிடம், சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும் போய்ச் சொல்லுங்கள் என்கிறான். இப்படிப் பேதுருவைத் தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் மாற்குவில் மட்டும்தான். பெர்கேயிலிருந்து திரும்பிய ஆளுக்கு அந்தப் பெயரை விட்டுவிட மனம் வந்திருக்காது.

ஏப்ரல் 25, வெள்ளி

நாட்காட்டியில் இன்று பரிசுத்த மாற்குவின் நாள். சாயங்காலம் அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். வசனம் எதுவும் சொல்லக் கூடாது என்று முடிவு பண்ணித்தான் போனேன். ரயில் டிக்கெட், அங்கே கிடைக்கும் மோசமான டீ, வாயில் நுழையாத மொழி என்று பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று, "நீங்க திரும்பி வந்தப்ப யாராவது வீட்டுக்கு வந்தாங்களா அண்ணே?" என்றான்.

ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. அந்த வருஷத்து அசனத்துக்கு (சபை விருந்துக்கு) கணக்கு எழுத ஆள் இல்லை, நீ எழுது என்று நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைச் சொன்னேன். பவுல் சாகும் தறுவாயில் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதியதையும் சொல்லிவிட்டேன், வாயை அடக்க முடியவில்லை: தேமா விட்டுப் போய்விட்டான், லூக்கா மட்டும்தான் கூட இருக்கிறான், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்.

மாற்கு பாடத்தை நீ எடுக்கிறாயா என்று கேட்டேன். மாட்டானாம். பாட்டுக்கு டிரம் வேண்டுமானால் வாசிக்கிறானாம். சரி, ஞாயிறு மத்தியானம் வா என்றேன். டிரம்மின் தோல் கிழிந்து கிடக்கிறது, நாளைக்கே மாற்ற வேண்டும்.