தேற்றவா, மாற்றவா?

2025 அக்டோபர் 3, வெள்ளி

என் பழைய லேப்டாப்புக்கு அண்ணன் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்: "அதைத் தலையைச் சுத்தித் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குடா." அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். காசு கொடுக்கப்போவது நான். இருந்தாலும் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. லேப்டாப்பை ஆன் செய்தால் டெஸ்க்டாப் வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது. வந்த பிறகும் பிரவுசரைத் தொட்டால் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஜாதகம் இதுதான்: இன்டெல் கோர் ஐ3-6006யு, 4 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ப்ராசஸர் 2016 கடைசியில் வந்தது. இரண்டு கோர், 2 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது வேகத்தைத் தானாகக் கூட்டும் டர்போ கிடையாது. வாங்கும்போதே மலிவு ரகம்தான். போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்கான ஆதரவை இந்த மாதம் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்துகிறது. ஆனாலும் கோளாறு எங்கே என்று பார்க்காமல் காசை எடுப்பதாக இல்லை.

அக்டோபர் 4, சனி

வேறெதையும் திறக்காமல், எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிபியு 15 சதவீதத்துக்குக் கீழே. மெமரியில் பாதிக்கு மேல் போயிருந்தாலும் மிச்சம் இருக்கிறது. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் அசையாமல் நிற்கிறது. அதன் வேகம் எவ்வளவு என்று பார்த்தால், நொடிக்கு 1.4 எம்பி!

இந்த 100-ஐப் பார்த்து டிஸ்க் நிரம்பிவிட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படியில்லை. அந்த நேரம் முழுக்க டிஸ்க் சும்மா இல்லை, அவ்வளவுதான். ஓடி ஓடி அது கொண்டுவந்தது 1.4 எம்பி. காரணம், கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். 5400 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். முதலில் படிக்கும் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்ட். பிறகு, வேண்டிய இடம் தலைக்குக் கீழே சுழன்று வரும்வரை சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஆக, ஒரு சின்னத் துண்டை எடுக்கவே 15 முதல் 20 மில்லிசெகண்ட் ஆகிறது. நொடிக்கு 50, 60 துண்டு தேறினால் பெரிது. விண்டோஸ் எழும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கில். இதே டிஸ்கில் ஒரு பெரிய வீடியோவைக் காப்பி செய்தால் நொடிக்கு 100 எம்பி தருகிறது. அங்கே தலை அங்குமிங்கும் அலைய வேண்டியதில்லை. தகவலைச் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழல்வதற்கே ஒன்றும் இல்லை என்பதால், சாதாரண சாட்டா ரகம்கூட 0.1 மில்லிசெகண்டில் பதில் சொல்லிவிடும்.

அப்புறம் பிரவுசரில் வழக்கமான டேப்களைத் திறந்தேன். மெமரி 92 சதவீதம். புரோகிராம்களுக்கு ஒதுக்கிய மொத்த மெமரியைச் சொல்லும் 'கமிட்டட்' எண் 6 ஜிபியைத் தாண்டியது. இருப்பதே 4. மிஞ்சியதில் ஒரு பங்கை விண்டோஸ் பேஜ் ஃபைலுக்கு, அதாவது ரேம் போதாதபோது டிஸ்கில் கடன் வாங்கும் இடத்துக்குத் தள்ளுகிறது, அதுவும் இதே நொண்டி டிஸ்கில். ரேம் பற்றாக்குறை டிஸ்கின் தலையில் விடிகிறது. அதனால்தான் ஒன்றையும் திறக்காமல் ஒருமுறை, எல்லாவற்றையும் திறந்து ஒருமுறை என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

எதை மாற்ற முடியும் என்று பார்த்தேன். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 2-இல் 1 ஸ்லாட் பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டுகிறது, நிம்மதி. ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்த, அதாவது கழற்ற முடியாதபடி பற்றவைத்த ரகமாக இருந்தால் பேச்சு இங்கேயே முடிந்திருக்கும். டிஸ்க் 2.5 அங்குலம், 7 மிமீ தடிமன். எஸ்எஸ்டி அப்படியே அந்த இடத்தில் உட்காரும். ப்ராசஸர் போர்டோடு ஒட்டிப் பிறந்தது, அதை மறந்துவிடலாம்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் டிஸ்கின் உடல்நிலை மஞ்சளில் இருந்தது. படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் செக்டார்கள் (டிஸ்கின் சிறு துண்டுகள்) சில. மெதுவாக இருப்பது ஒரு பக்கம், டிஸ்க் சாகவும் தொடங்கியிருக்கிறது. படங்களையும் ஆவணங்களையும் உடனே வெளி டிஸ்குக்கு எடுத்தேன். ராத்திரி முழுக்க ஓடியது.

அக்டோபர் 8, புதன்

புது லேப்டாப்களை அலசினேன். 'புதுசு' என்ற ஒரே தகுதியோடு நிற்கிறவை நிறைய. செலரான் என்4500, 4 ஜிபி ரேம், சேமிக்க 64 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவு சிப். அந்த ப்ராசஸருக்கு இரண்டு கோர், இரண்டே த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வேலைத் தொடர்தான். என் பழைய ஐ3-க்கு நான்கு த்ரெட். இஎம்எம்சியோ போர்டில் சால்டர் செய்தது; நிறைந்துவிட்டாலோ செத்துவிட்டாலோ கழற்றி மாட்ட வழியில்லை. இதை வாங்குவதற்கு இருப்பதையே தேற்றலாம். அடுத்த படியில் என்100 வைத்தவை தேவலை, நான்கு கோர். ஆனால் 8 ஜிபிக்கு மேல் போனால் விலை எங்கோ ஏறுகிறது.

செலவுக்கு எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்துவிட்டது. நாளை இந்த லேப்டாப் செத்தால் என்னோடு எது வரும்? எஸ்எஸ்டி வரும், யுஎஸ்பி உறையில் போட்டால் வெளி டிஸ்க். டிடிஆர்4 ரேம் வராது. புதியவற்றில் பெரும்பாலும் டிடிஆர்5 அல்லது சால்டர் செய்த ரேம். பேட்டரி வேறெதிலும் பொருந்தாது. எனவே எஸ்எஸ்டிக்குத் தயங்காமல் கொடுக்கலாம், ரேமுக்கு யோசித்துக் கொடுக்கலாம், பேட்டரிக்குக் கொடுக்கவே வேண்டாம். எப்படியும் மேசையில் சார்ஜரோடுதான் கிடக்கிறது.

அக்டோபர் 11, சனி

480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வந்தது. பின்மூடியின் ஸ்க்ரூக்களை எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை. பின்பக்க ரப்பர் கால்களை நகத்தால் நெம்பினால் அடியில் இரண்டு ஒளிந்திருந்தன. பழைய பிளாஸ்டிக் அட்டையால் விளிம்பை வழித்துக்கொண்டே போனபோது ஒவ்வொரு கொக்கியும் 'டப்' என்று விட்டது; உடைந்ததா கழன்றதா என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளே ஃபேன் இறக்கைகளில் தூசு பஞ்சாகப் படிந்திருந்தது. அதையும் பிரஷ்ஷால் தட்டிவிட்டேன்.

டிஸ்கை அப்படியே குளோன் செய்யவில்லை. சாகக் கிடக்கிற டிஸ்கை முழுக்கப் படிக்கச் சொல்வது வீண் வம்பு. விண்டோஸைப் புதிதாகவே ஏற்றினேன். லைசென்ஸ் போர்டோடு இணைந்தது என்பதால் இணையம் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டது.

லாகின் திரை இப்போது எண்ணி 20 நொடிக்குள் வருகிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் 10-க்கு இன்று கடைசி நாள். விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது வேண்டும், என்னுடையது 6. குறுக்குவழியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அப்டேட் வரும் என்ற உத்தரவாதமில்லை. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்துகொண்டேன். 2026 அக்டோபர் 13 வரை தள்ளலாம். அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், அதிலும் பழைய கணினிக்குத் தோதான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்ததில் வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் வேலை செய்தன. பிரிண்டர்தான் முரண்டு பிடித்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

சுறுசுறுப்பு நீடிக்கிறது. ஆனால் வீடியோ அழைப்போடு பிரவுசர் டேப்களும் சேர்ந்தால் திணறல். மெமரி 94. பேஜ் ஃபைல் எஸ்எஸ்டியில் இருப்பதால் உறையவில்லை, தடுமாறுகிறது, அவ்வளவே. வேண்டியவர் ஒருவர் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய 4 ஜிபி டிடிஆர்4 ரேமைக் கொடுத்தார். மாட்டியதும் 8 ஜிபி, இரட்டைச் சேனல்: இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் படிக்கலாம். கிராஃபிக்ஸும் இதே ரேமிலிருந்துதான் பங்கு எடுக்கிறது என்பதால் வீடியோவும் கொஞ்சம் சீரானது. வீடியோ அழைப்பில் பின்னணியை மங்கலாக்கினால் மட்டும் சிபியு 100-ஐத் தொடுகிறது. அதற்கு மருந்தில்லை. மங்கலாக்குவதை விட்டுவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

திறக்கும்போது இடது கீல் பக்கம் மூடி லேசாகப் பிளக்கிறது. மலிவு ரகங்களில் கீல் ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை மரைகளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கீல் இறுகினால் மரை பெயர்ந்துவிடும். திரையை ஓரத்தில் பிடித்துத் தூக்காமல் நடுவில் பிடித்து மெதுவாகத் திறக்கிறேன். முழுக்க விட்டுவிட்டால் திரையை மடக்கி வைத்துவிட்டு, எச்டிஎம்ஐயில் மானிட்டரை மாட்டி ஓட்டிக்கொள்வேன்.

அடுத்தது வாங்கும்போது 16 ஜிபி ரேம் அல்லது காலி ஸ்லாட் ஒன்று, கழற்றக்கூடிய எஸ்எஸ்டி. இரண்டும் இல்லாததைப் பார்க்கப்போவதில்லை. 2026 அக்டோபருக்கு முன் அந்தப் பிரிண்டரை மட்டும் மின்ட்டில் ஓட வைத்தாக வேண்டும்.