லினக்ஸ் போட்டதும் வைஃபை காணோமா? ஃபர்ம்வேர்தான் விஷயம்

பழைய லேப்டாப்ல டெபியன்ங்குற லினக்ஸைப் போட்டுட்டு "அண்ணா வைஃபையே காட்டல, கார்டு போயிடுச்சா"ன்னு தெரிஞ்ச பசங்க யாராவது மெசேஜ் பண்ணிக்கிட்டேதான் இருக்காங்க. அதுல நிறைய பேருக்கு கார்டு நல்லாத்தான் இருக்கும், அதுக்குள்ள ஓட வேண்டிய ப்ரோக்ராம்தான் வந்து சேர்ந்திருக்காது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா இங்கயே எழுதி வச்சிடறேன்.

வைஃபை கார்டுன்னா ஏதோ ஆன்டெனா வச்ச சிப்புன்னு நினைக்காதீங்க, அது தனியா ப்ராசஸர், தனியா மெமரி எல்லாம் வச்சிருக்கிற ஒரு குட்டி கம்ப்யூட்டர். ஏன் அப்படி வேணும்னா, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒரு பாக்கெட் வந்து சேர்ந்தா "வந்துடுச்சு"ன்னு பதில் அனுப்ப கார்டுக்கு கிடைக்கிற நேரம் வெறும் 10 மைக்ரோசெகண்ட். லேப்டாப்போட மெயின் ப்ராசஸர் அந்த நேரத்துல ப்ரௌசரை கவனிச்சிட்டு இருக்கலாம், டிஸ்க்ல எழுதிட்டு இருக்கலாம், 10 மைக்ரோசெகண்டுக்குள்ள கண்டிப்பா திரும்பிப் பாக்கும்னு எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் உத்தரவாதம் தர முடியாது. அதனால அந்த வேலையெல்லாம் கார்டே பாத்துக்குது, அதுக்குள்ள ஓடுற ப்ரோக்ராம்தான் ஃபர்ம்வேர். இதை கார்டுலயே ஒரு ஃப்ளாஷ் சிப்புல எழுதி வச்சிருக்கலாம், ஆனா அந்த சிப்புக்கும் காசு ஆகுதே, அதனால இப்ப நிறைய கார்டு வெறும் ரேமோடதான் வருது. பவர் போனா எல்லாம் அழிஞ்சிடும், ஒவ்வொரு தடவை லேப்டாப் ஆன் பண்ணும்போதும் டிரைவர்தான் (கார்டோட பேசுறதுக்கு லினக்ஸ்ல இருக்கிற ப்ரோக்ராம்) /லிப்/ஃபர்ம்வேர் ஃபோல்டர்ல இருந்து ஃபைலை எடுத்து கார்டுக்குள்ள ஏத்தணும்.

ஃபைல் அங்க இல்லைன்னா என்ன ஆகும்னு டெர்மினல்ல சுடோ (அட்மின் அனுமதி) போட்டு டிமெசேஜ் அடிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும், சிஸ்டம் எழுதி வைக்கிற செய்தியெல்லாம் காட்டுற கமாண்ட் அது. இன்டெல் கார்டா இருந்தா ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர் வரிசையா திட்டும், 72ஆம் வெர்ஷன் ஃபைலை லோட் பண்ண முடியல மைனஸ் 2, 71 முடியல மைனஸ் 2, 70 முடியல மைனஸ் 2ன்னு இறங்கிக்கிட்டே போகும். இதைப் பாத்து பயந்து போய் ஸ்க்ரீன்ஷாட் அனுப்புறாங்க, ஆனா இது பயப்படுற விஷயமே இல்ல. மைனஸ் 2ன்னா அந்த ஃபைல் இல்லைன்னு அர்த்தம், அவ்வளவுதான். டிரைவர் தனக்குத் தெரிஞ்ச புது வெர்ஷன்ல ஆரம்பிச்சு பழசு வரைக்கும் ஒண்ணொண்ணா தேடும், நடுவுல ஏதாவது ஒண்ணு கிடைச்சாலே வைஃபை வந்துடும். கடைசி வரைக்கும் போய் பொருத்தமான ஃபர்ம்வேர் கிடைக்கலைன்னு ஒரு வரி வந்தா மட்டும்தான் பிரச்சனை. யோயோன்னு பேர் வர்ற ஒரு டீபக் ஃபைலுக்கும் இதே எரர் வரும், அது இல்லாட்டியும் ஒண்ணும் ஆகாது, விட்டுடுங்க.

இதுக்கு தீர்வு ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை பேக்கேஜைப் போடறதுதான். ஆனா பேக்கேஜ் இறக்க நெட் வேணும், நெட்டுக்கு வைஃபை வேணும், வைஃபைக்கு அந்த பேக்கேஜ் வேணும். டெபியன் 11 வரைக்கும் அஃபிஷியல் இன்ஸ்டாலர்ல இந்த ஃபைலெல்லாம் இருக்காது, இன்ஸ்டால் பாதியில நின்னு "உங்க ஹார்டுவேருக்கு ஃபர்ம்வேர் வேணும், பென்டிரைவ் இல்ல ஃப்ளாப்பியில போட்டுக் குடுங்க"ன்னு கேக்கும். ஃபர்ம்வேர் சேர்த்த வேற ஒரு இமேஜும் இருந்துச்சு, ஆனா அது அன்அஃபிஷியல்னு சொல்லி டவுன்லோட் பக்கத்துல எங்கயோ உள்ள தள்ளி வச்சிருந்தாங்க, புதுசா வர்றவனுக்கு அது கண்ணுலயே படாது. 2022ல டெபியன்காரங்க ஓட்டெடுப்பு வச்சு அவங்க கொள்கை ஆவணமான சோஷியல் கான்ட்ராக்டையே திருத்தினாங்க, அதுக்கப்புறம் 2023 ஜூன்ல வந்த டெபியன் 12ல இருந்து ஒரே இன்ஸ்டாலர்தான், ஃபர்ம்வேரும் உள்ளயே வருது. சோர்ஸ் கோட் இல்லாத ஃபைலை அஃபிஷியலா குடுக்கிறது கொள்கைக்கு விரோதம்னு சொன்னவங்களும் இருந்தாங்க, அவங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா அந்த முடிவு சரின்னு நான் உறுதியா நம்புறேன். இதே ப்ரோக்ராம் கார்டோட ஃப்ளாஷுக்குள்ள இருந்தா பெருசா யாரும் கேள்வி கேக்கறதில்ல, டிஸ்க்ல ஒரு ஃபைலா இருந்தா மட்டும் குத்தமா? ஃபைலா இருந்தா என்ன வெர்ஷன்னு பாக்கலாம், ஓட்டை வந்தா மாத்தலாம். 2017ல பிராட்பௌன்னு ஒரு ஓட்டை வந்துச்சு, ஃபோன்ல இருக்கிற வைஃபை சிப்போட ஃபர்ம்வேருக்குள்ளயே வெளிய இருந்து நுழையலாம், யூஸர் எதையும் தொடவே வேணாம். அது மாதிரி சமயத்துல ஃபர்ம்வேரை மாத்த வழி இருக்கிறதுதான் நம்மளைக் காப்பாத்தும்.

எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் வர்ற இடம் வேற, லைசென்ஸ். சோர்ஸ் கோட் குடுக்கலைன்னா கூட பரவால்ல, "இந்த ஃபைலை யார் வேணா காப்பி பண்ணிக் குடுக்கலாம்"னு ஒரு வரி எழுதினா போதும், டிஸ்ட்ரோக்காரங்க (டெபியன் மாதிரி லினக்ஸைத் தொகுத்துக் குடுக்கிறவங்க) பேக்கேஜ் பண்ணிடுவாங்க. லினக்ஸ் மாதிரி இன்னொரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான ஓபன்பிஎஸ்டி ஆளுங்க 2004 வாக்குலயே இந்த ஒரு வரிக்காக சிப் கம்பெனிங்களுக்கு எழுதச் சொல்லி யூஸர்களையே கிளப்பி விட்டாங்க, அந்த பிராஜெக்ட்டை நடத்துற தியோ டி ராட்டுக்கு ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபௌண்டேஷன் 2004க்கான விருதையே குடுத்துச்சு. இன்னைக்கும் ஓபன்பிஎஸ்டியில லைசென்ஸ் ஒத்து வர்ற ஃபர்ம்வேர் மட்டும்தான் சிஸ்டத்தோட வரும், இன்டெல் கார்டுக்கு உண்டானது மாதிரி மத்ததெல்லாம் முதல் பூட்ல தனி சர்வர்ல இருந்து இறங்கும், அதுக்கு லேன் கேபிள் கையில இருக்கணும்.

அந்த ஒரு வரி இல்லைன்னா என்ன ஆகும்னு பாக்கணும்னா 2009 வாக்குல வந்த லேப்டாப்கள்ல இருக்கிற பிராட்காம் பிசிஎம்4312 கார்டைப் பாருங்க. டெபியன் 12 இன்ஸ்டாலர் போட்டாலும் இதுக்கு வைஃபை வராது, ஏன்னா இதோட ஃபர்ம்வேரை வினியோகிக்க டெபியனுக்கு அனுமதி இல்ல. லேப்டாப்ல இருக்கிற கார்டுகளைப் பட்டியல் போடுற எல்எஸ்பிசிஐ கமாண்டை மைனஸ் கே சேர்த்து அடிச்சுப் பாத்தா பி43 பிசிஐ பிரிட்ஜ்னு டிரைவர் ஓடுற மாதிரியே காட்டும், அதை நம்பி ரௌட்டரைக் குறை சொல்லாதீங்க. டிமெசேஜ்ல யூகோட்15ங்குற ஃபைலைக் காணோம்னு ஒரு எரரும், வெப்சைட்டுக்குப் போய் சரியான ஃபர்ம்வேரை இறக்கிக்கோ, வழிமுறையை கவனமா படின்னு ஒரு வரியும் இருக்கும். இந்த பி43 டிரைவரை எழுதினவங்க கம்பெனி உதவி இல்லாம சிப் எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சு எழுதினவங்க, ஃபர்ம்வேருக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி பி43-எஃப்டபிள்யூகட்டர், பேருக்கு ஏத்த மாதிரி கம்பெனியோட பழைய பைனரி டிரைவரை வாங்கி அதுக்குள்ள இருக்கிற ஃபர்ம்வேரை மட்டும் அறுத்து எடுக்கும். எத்தனை பேரோட உழைப்பு இது! 2010ல பிராட்காமே புது சிப்புகளுக்கு ஓப்பன் டிரைவர் குடுத்துச்சு, அதுங்களோட ஃபர்ம்வேர் இப்ப எல்லா டிஸ்ட்ரோலயும் இருக்கு, பழைய சிப்புங்கதான் அப்படியே நின்னுடுச்சு.

சரி, வழி என்னன்னா, கையில இருக்கிற ஆண்ட்ராய்டு ஃபோன். டேட்டா கேபிள்ல லேப்டாப்போட சேர்த்து ஃபோன் செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, லினக்ஸுக்கு அது சாதாரண நெட்வொர்க் கார்டு மாதிரிதான் தெரியும், அதுக்கு எந்த ஃபர்ம்வேரும் ஏத்த வேண்டாம். சில சார்ஜர் கேபிள்ல டேட்டா ஒயரே இருக்காது, டெதரிங் ஆப்ஷன் மங்கலாவே இருந்தா முதல்ல கேபிளை மாத்துங்க. அப்புறம் பேக்கேஜ் எங்கிருந்து இறங்கணும்னு சொல்ற சோர்ஸஸ் லிஸ்ட் ஃபைல்ல கான்ட்ரிப்ங்குற பிரிவைச் சேர்த்து, ஏபிடி அப்டேட் குடுத்து, ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் போடுங்க, அதுவே டிரைவர் ஃபைலை இறக்கி அறுத்து சரியான ஃபோல்டர்ல வச்சிடும். ரீபூட் பண்ணக்கூட தேவையில்ல, மோட்ப்ரோப் கமாண்ட் வச்சு பி43 மாட்யூலை (அதாவது டிரைவரை) எடுத்துட்டு திரும்ப ஏத்தினா போதும். இன்டெல் கார்டுல மட்டும் ஐடபிள்யூஎல்வைஃபையை எடுக்கறதுக்கு முன்னாடி அதோட சேர்ந்து ஓடுற ஐடபிள்யூஎல்எம்விஎம் மாட்யூலை முதல்ல எடுங்க, இல்லைன்னா மாட்யூல் யூஸ்ல இருக்குன்னு அடம் பிடிக்கும்.

வைஃபை வந்ததும் /லிப்/ஃபர்ம்வேர் உள்ள பி43ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை அப்படியே ஒரு பென்டிரைவ்ல காப்பி பண்ணி வச்சிடுங்க. அடுத்த தடவை அதே லேப்டாப்ல எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் அந்த ஃபோல்டரை அதே இடத்துல வச்சு மாட்யூலை ஏத்தினா போதும், ஃபோனும் கேபிளும் தேட வேண்டாம். இன்னும் வரலைன்னா டிமெசேஜ்ல வர்ற வரிகளை கமெண்ட்ல போடுங்க, ஃபோட்டோ எடுத்து அனுப்பாம டெக்ஸ்டாவே போட்டா எனக்கும் படிக்க சுலபமா இருக்கும்.