முகம் பார்க்காத வேலை: நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 3, திங்கள்
இன்று படித்த புரோகிராமர் வேலை விளம்பரங்கள் பதினாறு. 'ரிமோட்', அதாவது அலுவலகம் வராமல் இருந்த இடத்திலிருந்தே வேலை, என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கீழே பொடி எழுத்தில், இன்ன நாட்டில் குடியிருப்பவர்கள் மட்டும் என்றும் இருக்கிறது. முதலில் கோபம்தான் வந்தது. தேடிப் படித்த பிறகு காரணம் புரிந்தது. வேறொரு நாட்டில் இருப்பவரைச் சம்பளத்துக்கு வைத்தால் அந்த நாட்டு வரியும் தொழிலாளர் சட்டமும் கம்பெனியின் தலையில் வந்து விழும். அங்கே கிளை இல்லாதவர்கள் 'எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டு' எனப்படும் இடைநிறுவனம் வழியாக எடுப்பார்கள், அல்லது கான்ட்ராக்டராக வரச் சொல்வார்கள். கான்ட்ராக்டர் என்றால் வரி, விடுப்பு, காப்பீடு எல்லாம் நம் பாடு. இனி இதைப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பம்.

பிப்ரவரி 9, ஞாயிறு
மென்பொருள் செய்யும் கிட்லேப் கம்பெனிக்கு அலுவலகமே கிடையாது. எப்படி வேலை செய்கிறோம் என்று அவர்கள் எழுதிய கையேடு யாரும் படிக்கும்படி இணையத்தில் இருக்கிறது. காலையில் திறந்தேன், மூடும்போது இருட்டிவிட்டது. எதையும் எழுதி வைக்கிறார்கள். எட்டு மணி நேரம் தள்ளி இருப்பவர் தூங்கி எழுந்து படித்தால், நம்மை எழுப்பிக் கேட்காமலே வேலையைத் தொடர வேண்டும். நான் இத்தனை நாள் நேர்காணலுக்காக அல்காரிதம் கணக்குகளை மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன், எழுதிப் பழகவில்லை.

பிப்ரவரி 22, சனி
யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய ஓர் ஓப்பன் சோர்ஸ் நிரல் தொகுப்பில் (லைப்ரரி) பிழை ஒன்றைத் திருத்தினேன். பதில் வராமல் நேரம் கடந்து டைம்அவுட் ஆனால் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் மறுபடி பயன்படுத்துவதற்கான பொதுத் தொகுப்பான பூலுக்குத் திரும்பாமல் தொங்கியது. மாற்றம் வெறும் பதினோரு வரி. என் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட்டில் 'கனெக்‌ஷன் கசிவு சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தேன். ரிவ்யூ செய்தவர் கேட்டார்: எப்போது கசிகிறது? எப்படி வரவழைத்துப் பார்ப்பது? ஏன் இங்கே திருத்தினீர்கள், இந்த நிரலை அழைக்கும் இடத்தில் ஏன் இல்லை? மூன்றுக்கும் பதில் தெரியும். ஆனால் ஒன்றையும் எழுதவில்லை. நான்கு முறை திருத்தி எழுதினேன், திருத்தம் இல்லாவிட்டால் தோற்றுப்போகும் டெஸ்ட் ஒன்றையும் சேர்த்தேன். மூன்றாம் முறை எழுதும்போதுதான் என் திருத்தத்திலேயே இன்னொரு ஓட்டை கண்ணில் பட்டது. இது எனக்குப் பெரிய பாடம்.

மார்ச் 10, திங்கள்
நேர்காணல் தவறியது. நியூயார்க் காலை 10 மணி என்பதை உலகப் பொது நேரமான யூடிசி 15:00 என்று போன வாரமே குறித்து வைத்திருந்தேன். நேற்று அங்கே கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். இன்று அது 14:00. நான் நுழைந்தபோது யாரும் இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. ஐரோப்பா மாறுவது மார்ச் 30 அன்று. இடைப்பட்ட மூன்று வாரமும் நியூயார்க்குக்கும் ஐரோப்பாவுக்கும் உள்ள நேர இடைவெளியே வேறு. இனி ஊர்ப் பெயரோடுதான் நேரம் குறிப்பேன்.

மார்ச் 19, புதன்
வேறொரு கம்பெனியின் டேக்-ஹோம் டெஸ்ட், வீட்டிலேயே செய்து தரும் தேர்வு, அனுப்பியாயிற்று. எதைச் செய்யாமல் விட்டேன், ஏன் என்பதை நிரலோடு வைக்கும் விளக்கக் கோப்பான ரீட்மியில் எழுதினேன்.

ஏப்ரல் 2, புதன்
நேர்காணலில் பாதி நேரம் அந்த ரீட்மியைப் பற்றியே பேச்சு. பிறகு ஒரே பேமென்ட் கோரிக்கை இரண்டு முறை வந்தால் என்ன செய்வீர்கள் என்றார்கள். ஒரே கோரிக்கை மறுபடி வந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் அடையாளக் குறியான ஐடெம்பொட்டன்சி கீ பற்றிச் சொன்னேன். அதை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்ற கேள்வியில் தடுமாறினேன். முடிவு வெள்ளிக்கிழமை தெரியும்.

என் இரண்டாவது புல் ரிக்வெஸ்ட்டுக்கு இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. ரிவ்யூ செய்பவர் விழிப்பதற்குள் பதில் எழுத வேண்டும்.