ஒரு பவுண்டு அரிசி

காலைல திருமயிலை ஸ்டேஷன்ல ட்ரெயினுக்கு நின்னுட்டிருந்தேன், பக்கத்துல ஒரு பாட்டி கீழ ஓடுற கறுப்புத் தண்ணியக் காட்டி பேரன்கிட்ட "இது தாது வருஷப் பஞ்சத்துல கஞ்சிக்காக வெட்டுன கால்வாய்டா"ன்னாங்க.

அதுக்கப்புறம் எனக்கு வேற எதுவும் ஓடல.

தாது வருஷம், அதாவது 1876ல மழை பொய்ச்சுது. பசிபிக் கடல் சூடேறுற எல் நினோ, அதுவும் 1877ல வந்தது ரொம்ப பயங்கரமானது, நம்ம பருவமழையையே கலைச்சுப் போட்டுருச்சு. ஆனா மழை மட்டுமா காரணம்? ஜனம் சாகுறப்பவும் தானியம் கப்பல்ல வெளிய போய்ட்டுதான் இருந்துச்சு. லட்சக்கணக்குல செத்தாங்க.

அந்தப் பஞ்ச நிவாரண வேலையா அடையாறையும் கூவத்தையும் சேர்த்து வெட்டுனதுதான் பக்கிங்காம் கால்வாய்ல இந்த 8 கிலோமீட்டர். பேரு மட்டும் அப்ப இருந்த கவர்னரோடது.

1877ல பஞ்சத்தப் பாக்க பிரிட்டிஷ் அரசு அனுப்புன அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்குக் கூலியக் குறைச்சாரு. ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட கொஞ்சம் சில்லறை.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து கிச்சன் தராசுல அந்த ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் அரிசி அளந்து பாத்தேன். ஒரு சின்னக் கிண்ணம், அவ்ளோதான். இதத் தின்னுட்டு நாள் பூரா வெயில்ல மண்ணு வெட்டணும், வீட்டுல புள்ளைங்க வேற இருக்கும்.

2019 தண்ணிப் பஞ்சத்துல ஜோலார்பேட்டைலேர்ந்து சென்னைக்கு ட்ரெயின்ல தண்ணி வந்துச்சே, அப்ப நான் குடத்தோட லாரிக்கு நின்னதையே பெரிய கஷ்டம்னு சொல்லிட்டிருந்தேன்.

அந்த அரிசிய டப்பால திரும்பக் கொட்ட மனசு வரல, இன்னும் மேடை மேலதான் இருக்கு.